மழைமானிக்குப் பத்தியம்

எங்கள் ஊரில் மழையை உரலில் அளப்பார்கள். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. வாசலில் கிடக்கிற கல்லுரலின் குழியைக் காலையில் எட்டிப் பார்த்தால், ராத்திரி எவ்வளவு பெய்தது என்பது தெரிந்துவிடும். குழியின் அடி மட்டும் நனைந்திருந்தால் அது மழையே இல்லை, வானம் தும்மியிருக்கிறது. பாதிக் குழிக்கு நின்றிருந்தால் ஏர் பூட்டலாம். நிறைந்து வழிந்திருந்தால் பழைய ஓட்டுவீட்டுக்காரர்கள் எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். குடிபாலாப் பக்கமிருந்து உறவுக்காரர் யாராவது பஸ்ஸில் வந்து இறங்கினால், "உங்கூர்ல ஒரலு எம்மாத்தம் ரொம்பிச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. சாப்பிட்டாயா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

உரலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது தன் வாசலுக்கு மட்டும்தான் சாட்சி சொல்லும். மேலத்தெரு உரல் கீழத்தெருவின் விவகாரத்தில் தலையிடாது. இரண்டு மைல் தள்ளி ஆந்திராவே முடிந்து தமிழ்நாடு வந்துவிடுகிற ஊர் எங்களுடையது. சர்க்காரின் கோடு ஒரு பக்கம் கிடக்க, மழை தன் இஷ்டத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு, இந்த வரப்பில் பெய்து அந்த வரப்பில் காயும்.

அப்படிப்பட்ட ஊருக்கு மழைமானி வந்து சேர்ந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயசிருக்கும். எழுபதுகளின் தொடக்கம்.

அது வந்ததற்குக் காரணம் எங்கள் நைனா, அதாவது என் அப்பா. அவர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். மேலத்தெருவில் இருந்த எங்களைப் போன்ற கிறிஸ்தவ சபைக் குடும்பங்களின் பிள்ளைகளும், கீழத்தெருவில் இருந்த இந்துக் குடும்பங்களின் பிள்ளைகளும் அவரிடம்தான் தமிழ் படித்தார்கள், கணக்குப் படித்தார்கள், குட்டும் வாங்கினார்கள். பள்ளிக்கூடமும் எங்கள் சபையின் கோயிலும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. போதகர் சித்தூரிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் வேதம் வாசிப்பதும் நைனாதான். பொய்யை மட்டும் அவரால் தாங்க முடியாது. பல்பத்தை யார் எடுத்தது என்று கேட்டு, எடுத்தவன் ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவார். இல்லையென்று சாதித்தால் முட்டி போட வைப்பார். இப்பேர்ப்பட்ட ஆள் ஊரில் இருக்கிறார் என்று தெரிந்துதான் பஞ்சாயத்து சமிதி ஆபீசில் மழைமானியை எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள்.

பார்க்க அது ஒன்றும் பிரமாதமாக இல்லை. சிமெண்டுக் கட்டையில் பாதி புதைத்த ஒரு தகர டப்பா. மேலே பித்தளை வாய் வைத்த புனல். உள்ளே தண்ணீர் இறங்கி நிற்க ஒரு பாட்டில். சுற்றிலும் முள்கம்பி வேலி. மரமோ சுவரோ பக்கத்தில் இருக்கக்கூடாதாம். தண்ணீரை அளக்கக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றை வைக்கோலில் சுற்றித் தனியாகக் கொடுத்திருந்தார்கள். நைனா அதைத் திருவிருந்துப் பாத்திரம் இருந்த அலமாரியில், அதற்கு அடுத்த தட்டில் வைத்துப் பூட்டினார். காலை எட்டரை மணிக்குப் போய்ப் பாட்டிலை எடுத்து, தண்ணீர் இருந்தால் குழாயில் ஊற்றி அளந்து, கீழே கொட்டிவிட்டு, பள்ளிக்கூடத்து வராந்தாவில் இருந்த கரும்பலகையில் அளவை எழுதுவார். வாரத்துக்கு ஒரு முறை சமிதியிலிருந்து ஆள் வந்து எழுதிக்கொண்டு போவான்.

ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. எங்கள் அத்தையும் வந்தாள்.

அத்தை என்றால் நைனாவின் அக்கா. புருஷன் செத்த பிறகு பிறந்த வீட்டுக்கே திரும்பியவள். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு அடுப்பு, அத்தைக்கு மற்றதெல்லாம் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. வேலிக்கு வெளியே நின்று இடுப்பில் கை வைத்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தம்பி, இதுல இன்னாடா வெப்பாங்கோ?"

"ஒண்ணும் வெக்க மாட்டாங்கக்கா. காலியாத்தான் இருக்கணும். மழை பேஞ்சா அதுல வுழும். அளந்துட்டுக் கொட்டிடுவோம்."

"வெறும் ஏனத்தையா வானத்துக்குக் காட்டிக்கினு குந்துவீங்கோ?"

அவள் கேட்டது கிண்டலுக்கு இல்லை. நிஜமாகவே பதறிப்போய்க் கேட்டாள். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் ஏனத்தைக் காலியாக வைக்கமாட்டார்கள். ராத்திரி பானை சட்டியெல்லாம் கழுவிக் கவிழ்த்தாலும், குடத்தில் ஒரு கை தண்ணீராவது விட்டுத்தான் படுப்பார்கள். பக்கத்து வீட்டில் படி இரவல் வாங்கினால், திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே நாலு அரிசி கிடக்கும். வெறும் ஏனம் வீட்டுக்கு ஆவாது என்பது வேதத்தில் இல்லாவிட்டாலும், சபைக்காரர்கள் அதைப் பதினோராவது கட்டளையாகவே வைத்திருந்தார்கள்.

"இது ஒண்ணுதான் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் கணக்கு" என்றார் நைனா, பெருமையாக.

"அதெப்பிடிடா? எருமையோட ஒரு கொம்பு நனைஞ்சா மறு கொம்பு காய்ஞ்சிக்கினு கீது. ஊருக்கெல்லாம் ஒரே ஒரலா?"

"சர்க்காரு ஒவ்வொரு வூட்டு ஒரலையும் வந்து எட்டிப் பாத்துக்கினு இருக்க முடியுமாக்கா?"

அது நியாயமான பதில்தான். அத்தைக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். புதிதாக ஊருக்கு வந்த யாரையோ பட்டினி போட்டுவிட்டு வந்தவள் மாதிரி இருந்தது அவள் முகம்.

அடுத்த வருஷமே மழை பொய்த்தது. மழைமானி வந்ததால்தான் மழை போய்விட்டது என்று கீழத்தெருவில் பேசிக்கொண்டார்கள். நைனா அவர்களைக் கூப்பிட்டு வைத்து, தராசு வாங்கியதால் அரிசி குறையுமா என்று கேட்டார். குறைந்தாலும் குறையும் என்றார்கள்.

கோயில் கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. ஊர்ப் பெண்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றினார்கள். ஒரு குடம் நிறைவதற்குள் இடுப்புப் பிள்ளை தூங்கி எழுந்துவிடும். எங்கள் வீட்டுக்கு மட்டும் வேறு ஏற்பாடு. மலையடிவாரத்து மாந்தோப்பில் ஒரு கிணறு இருந்தது. தோப்புக்காரரின் மருமகளுக்கு அத்தைதான் பிரசவம் பார்த்திருந்தாள். அந்த நன்றிக்காக அத்தைக்கு மட்டும் அங்கே நடைக்கு இரண்டு குடமாக எடுக்க அனுமதி. தண்ணீர் என்றுதான் பேர். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். அதில் பருப்பு வேகாது. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "இந்தத் தண்ணியில வேவாத பருப்பு நரகத்துலயும் வேவாது" என்பாள். ஆனாலும் வெயிலில் கல்லும் முள்ளுமான பாதையில் நடந்து வந்த அந்த இரண்டு குடம்தான் எங்கள் வீட்டின் உயிர்.

அப்போதுதான் சித்தூரிலிருந்து அந்தச் சேதி வந்தது. பாறையைத் துளைத்து போர் போடுகிற பெரிய வண்டி ஒன்று வந்திருக்கிறதாம். மழை குறைந்த ஊர்களாகப் பார்த்துப் போர் போட்டு, அடிபம்பு வைத்துக் கொடுக்கப்போகிறார்களாம். கீழத்தெருவும் மேலத்தெருவும் பள்ளிக்கூடத்து வாசலில் கூடின. நைனா மழைமானியைக் கை காட்டினார்.

"மத்த ஊருக்காரங்க வாயால சொல்லணும். நம்பளுக்கு சாட்சி கீது. மழை பெய்யலன்னு இதுவே சொல்லும்" என்றார். எல்லோரும் அன்றைக்கு முதல் தடவையாக அந்தத் தகர டப்பாவை மரியாதையோடு பார்த்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மழைக்காக ஜெபம் நடந்தது. போதகர் வராததால் நைனாதான் வேதம் வாசித்தார். கொடும் பஞ்சகாலத்தில் ஒரு தீர்க்கதரிசி, இருக்கிற தண்ணீரையும் குடம் குடமாகப் பலிபீடத்தின்மேல் ஊற்றச் சொல்ல, அதற்கப்புறம் வானம் கறுத்து மழை கொட்டிய கதை. நைனா வாசித்தால் கல்லும் கேட்கும் என்பார்கள். கல் கேட்டதோ என்னவோ, அத்தை கேட்டுவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் மாந்தோப்பிலிருந்து நானும் அவளும் வந்துகொண்டிருந்தோம். அவளுக்குத் தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. எனக்கு ஒரு செம்பு. பள்ளிக்கூடத்துக்கு அருகில் வந்ததும் அத்தை குடங்களை இறக்கினாள். வேலிப் படலைத் திறந்து உள்ளே போனாள். என் செம்பிலிருந்து கால் டம்ளர் அளவுக்குக் கையில் வாங்கி, புனலில் மெதுவாக விட்டாள். சிந்தாமல், பச்சைப்பிள்ளைக்குப் பாலாடையில் பால் புகட்டுகிற மாதிரி விட்டாள். கண்ணை மூடி ஏதோ ஜெபித்தாள். ஈரக்கையை என் நெற்றியில் துடைத்துவிட்டு, "வா, பூடலாம்" என்றாள்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டினால் வீட்டில் போய்ச் சொல்வோமா? அப்படித்தான் நானும் நினைத்தேன். வாயில்லாத மிசினுக்கும் யாராவது தண்ணீர் காட்டத்தானே வேண்டும். காலையில் நைனா பார்த்துக்கொள்கிறார், சாயங்காலம் அத்தை பார்த்துக்கொள்கிறாள். என் கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது.

மறுநாள் காலையில் நைனா பாட்டிலை எடுத்தார். குலுக்கிப் பார்த்தார். குழாயில் ஊற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். வானத்தைப் பார்த்தார். துடைத்து வைத்த தாம்பாளம் மாதிரி இருந்தது வானம். மறுபடி குழாயைப் பார்த்தார். பிறகு போய்க் கரும்பலகையில் எழுதினார். சிறு தூறல் அளவுக்கான மழை.

"ராத்திரி பூரா வாசல்லதான படுத்துக்கினு இருந்தோம். மேல ஒரு சொட்டு வுழலியே" என்றாள் அம்மா.

"தூக்கத்துல தெரிஞ்சிருக்காது."

"ஒம்பது பேரு தெருவுல படுத்துக்கினு இருந்தோம். ஒம்பது பேருக்குமா தெரியல?"

நைனா கொஞ்சம் யோசித்தார். "பள்ளிக்கூடத்துப் பக்கம் மட்டும் தூறியிருக்கும். எருமையோட ஒரு கொம்பு நனைஞ்சா…" என்று ஆரம்பித்துவிட்டு, யாருடைய வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்ததும் நிறுத்திக்கொண்டார். பிறகு சொன்னார், "கருவி பொய் சொல்லாது."

இதில் ரொம்பச் சந்தோஷப்பட்டவள் அத்தைதான். அவள் கணக்கே வேறு. அவள் ஊற்றியதை அது அன்றைக்கே குடித்துவிட்டது. காலையில் இருந்தது ஆண்டவர் அனுப்பிய மழை. ஊற்றிய ஒரே நாளில் பலன் கிடைத்தால் யார்தான் நிறுத்துவார்கள்? நாள் தவறாமல் ஊற்றினாள். நைனாவும் நாள் தவறாமல் அளந்தார். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் மட்டும் மழைக்காலம் பிறந்துவிட்டது.

முதலில் ஊர் சிரித்தது. கரும்பலகையைப் பார்த்துவிட்டு, குடை எடுக்காமல் வந்துவிட்டேனே வாத்தியாரே என்று கேட்டவர்கள் உண்டு. பிறகு சிரிப்பு நின்றது. இந்தக் கணக்குதானே சித்தூருக்குப் போகிறது? ஊற்றில் சிரட்டையோடு குந்தியிருந்த பெண்கள் வாத்தியாரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்கள். நைனாவுக்கு அது வலித்தது. ஆனாலும் பாட்டிலில் இருக்கிறதை இல்லையென்று எழுத அவரால் முடியாது. இருப்பதை இல்லையென்பது பொய்யல்லவா?

ஒரு நாள் வெயில் தாழ்ந்த நேரத்தில் ஜீப் வந்தது. போர் போடுகிற ஊர்களை முடிவு செய்கிற அதிகாரி. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஜீப்பை விட்டு இறங்காமலே தெலுங்கில், "வர்ஷம் பாகானே படிந்தி கதா மாஸ்டாரு" என்றார். உங்கள் ஊரில்தான் மழை நன்றாகப் பெய்திருக்கிறதே, வண்டி வேறு ஊருக்குப் போகட்டும் என்று பேச்சை முடித்துவிட்டார்.

கூட்டம் ஜீப்பை மறித்தது. கீழத்தெருவிலிருந்து ஒரு பெரியம்மா, கோழி வளர்க்கிறவள், எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சார், எங்கூட்டு ஒரல்ல கோழி அடை குந்திக்கினு கீது. வந்து பாரு சார். நீ சொல்ற மழை பேஞ்சிருந்தா அது ஏந்து ஓடியிருக்காது? குஞ்சு பொரிக்கிற நாளு வந்துட்ச்சி சார்!"

டிரைவர் சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. நைனாவைப் பார்த்து, உங்கள் கருவி சரியா, இந்த அம்மாவின் கோழி சரியா என்று கேட்டார். நைனா நிமிர்ந்து நின்றார். "கருவி சரி சார். தினம் நானே அளக்குறேன். நீங்களே பாருங்க" என்று வேலிப் படலைத் திறந்து, புனலைக் கழற்றிப் பாட்டிலை வெளியே எடுத்தார்.

பாட்டிலில் தண்ணீர் இருந்தது.

அன்று காலையில்தான் அளந்து கொட்டியிருந்தார். காலையிலிருந்து அந்த நேரம் வரை மண்டையைப் பிளக்கிற வெயில். இந்தத் தடவை ராத்திரித் தூறல் என்று சொல்லவும் வழியில்லை. ஊர் முழுக்க அந்தப் பாட்டிலைப் பார்த்தது. நான் நைனாவின் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தார்.

உப்புக் கரித்திருக்கும். எந்த மழையும் கரிக்காது. அந்தக் கரிப்பு எந்தக் கிணற்றுடையது, அந்தக் கிணற்றில் யாருக்குத் தண்ணீர் விடுவார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாக்கில் வைத்துப் பார்த்தவர் நைனா ஒருவர்தான். அத்தை அப்போது இரண்டாம் நடைக்கு மாந்தோப்புக்குப் போயிருந்தாள்.

எனக்கு ஒரே உற்சாகம். இது எனக்குத் தெரிந்த விஷயமாயிற்றே. "நைனா, அது அத்…" என்று வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கையை மட்டும் என் தலைமேல் வைத்து அழுத்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"தப்பு நாதி சார்" என்றார் தெலுங்கில். தப்பு என்னுடையது. "இந்த மாசத்துக் கணக்கு பூரா தப்பு. எல்லாத்தையும் அடிச்சிடுங்க. நான்தான் கவனமா பாக்கல."

அதிகாரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம் சதிவாரண்டி மீரு?" என்று ஆரம்பித்தார். என்னதான் படித்தீர்கள், ஒரு டப்பாவைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பீர்கள் என்று நீளமாகப் போனது. எதிரே நின்றதெல்லாம் நைனாவிடம் முட்டி போட்ட பிள்ளைகள்தான். அவர் பாட்டிலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில், பக்கத்துச் சமிதி மழைமானியின் கணக்கையும் கோழிக்காரப் பெரியம்மாவின் வார்த்தையையும் சேர்த்துப் பார்த்து யோசிப்பதாகச் சொல்லிவிட்டு ஜீப் போனது.

அன்று ராத்திரி எனக்கு நைனாமேல் கோபம். அவர் தப்பு செய்யவில்லை, செய்தேன் என்கிறார். அப்படியானால் அது பொய்தானே? பொய் சொன்னால் முட்டி போடவேண்டும் என்று சட்டம் போட்டவரே சொல்லலாமா? கேட்டும்விட்டேன். அவர் என் தட்டிலிருந்த சோற்றைக் காட்டி, "துன்னு மொதல்ல" என்றார். நான் தின்று முடித்ததும், "அத்தைகிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றார்.

அத்தைக்கு விஷயம் வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது. வாத்தியார் தப்பாக அளந்துவிட்டாராம் என்று வழியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் குடத்தை வைத்துவிட்டுச் சண்டைக்குப் போய்விட்டாள். "எந்தம்பியா தப்பா அளப்பான்? பொட்டு அரிசி கூட கொறைய விடாதவண்டி அவன்! அந்தக் கண்ணாடிக்காரனுக்குத்தான் கண்ணு அவிஞ்சி பூட்ச்சி!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டு வந்தாள். நைனா திண்ணையில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அவர் வீட்டிலிருந்து ஒரு சின்ன மண்பானையை எடுத்துக்கொண்டு போனார். வேலிக்கு வெளியே, மழைமானிக்கு எட்டடி தள்ளி, கழுத்து வரைக்கும் மண்ணில் புதைத்தார். சாயங்காலம் அத்தை வருகிற நேரம் பார்த்து வழியில் நின்றார்.

"அக்கா, மிசினுக்கு இனிமே தண்ணி காட்டணும்னா இதுல ஊத்து."

எப்படித் தெரிந்தது என்று அத்தை கேட்கவில்லை. தம்பிக்குத் தெரியாதது உலகத்தில் ஏதும் உண்டா என்பது அவள் எண்ணம். "ஏண்டா, அது குடிக்காதா?" என்றுதான் கேட்டாள்.

"அது பத்தியம் இருக்குதுக்கா. மழைத் தண்ணியத் தவிர வேற எதுவும் அதுக்கு ஆவாது."

அத்தையின் முகம் உடனே மாறிவிட்டது. இரண்டு வருஷமாக யாரும் அவளுக்கு அந்த மிசினைப் பற்றிப் புரிகிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "ஐயோ, பத்தியமா! இத்த மொதல்லயே சொல்லக்கூடாதா நீ? நான் பாட்டுக்கு உப்புத் தண்ணிய ஊத்திக்கினு இருந்துட்டனே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஒடம்புக்கு ஏதாச்சும் ஆயிட்ச்சா அதுக்கு?"

"ஒண்ணும் ஆவல. நல்லாத்தான் கீது."

அன்றிலிருந்து அவள் பானையில் ஊற்றினாள். பாத்தியஸ்தர் பட்டினி, பக்கத்தில் இருப்பவருக்குச் சாப்பாடு என்கிற ஏற்பாடு அவளுக்கு ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. சிட்டுக்குருவிகள் வந்து குடித்தன. கரும்பலகையில் மறுபடியும் சுன்னம் விழுந்தது. சமிதி ஆள் ஒரு தடவை, இந்தப் பானை எதற்கு என்று கேட்டான். குருவி மிசின் பக்கம் வராமல் இருக்க என்றார் நைனா. அது இரண்டாவது பொய். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டேன்.

போர் வண்டி எங்கள் ஊருக்கும் வந்தது, பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய்விட்டுக் கடைசியாக. பக்கத்து மழைமானி எங்களுக்காகச் சாட்சி சொன்னதா, அந்தக் கோழி சொன்னதா என்று இன்றுவரை தெரியாது. கோயில் மூலையில் வண்டியை நிறுத்தி ஊரின் காது செவிடாகிற மாதிரி துளைத்தார்கள். முதலில் வெள்ளை மாவாகத் தூசி வந்தது. பிறகு சேறு வந்தது. ஊரே ஒரு பெருமூச்சு விட்டது. வண்டி போன பிறகு ஒரு மெக்கானிக் வந்து அடிபம்பைப் பூட்டினான்.

ஊர் மொத்தமும் குடத்தோடு நின்றது. கோழிக்காரப் பெரியம்மா குஞ்சுகள் பின்தொடர வந்திருந்தாள். மெக்கானிக் கைப்பிடியைப் பிடித்து அடித்தான். கர்க் கர்க் என்றது. தண்ணீர் வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி அடித்தான். காற்றுதான் வந்தது. பெண்களின் முகம் வாடத் தொடங்கியது.

"தோல் வாசர் காஞ்சி கீதும்மா. மேலருந்து கொஞ்சம் தண்ணி ஊத்தினாத்தான் புடிக்கும். யார்னா ஒரு செம்புத் தண்ணி கொண்டாங்க" என்றான்.

தண்ணீர் வேண்டுமென்று நிற்கிற ஊரைப் பார்த்து, முதலில் நீங்கள் தண்ணீர் கொடுங்கள் என்றால் எப்படி இருக்கும்? எல்லோர் குடமும் காலி. வாயில் வந்தபடி மெக்கானிக்கைத் திட்டினார்கள். அத்தை மட்டும் நைனாவைப் பார்த்தாள்.

நைனா ஒரு செம்பை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் போனார். மழைமானிக்குப் பக்கத்தில் புதைத்திருந்த பானையில், முந்தின சாயங்காலம் அத்தை ஊற்றிய தண்ணீரில் குருவி குடித்தது போக மிச்சம் இருந்தது. அதை மொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, சிந்திவிடாமல் மெதுவாக நடந்து வந்தார். மெக்கானிக் கையை நீட்டினான். நைனா அவனைத் தாண்டி வந்து அத்தையிடம் செம்பை நீட்டினார்.

"நீ ஊத்துக்கா."

அத்தை ஊற்றினாள். மெக்கானிக் அடித்தான். பம்பு இரண்டு தடவை செருமியது. பிறகு பிடித்துக்கொண்டு, வெள்ளையாக, குளிர்ந்த தண்ணீர் அத்தையின் காலில் விழுந்தது. ஊர் கத்திய கத்தலில் கோழிக்குஞ்சுகள் சிதறி ஓடின.

"பாத்தியாடா தம்பி?" என்றாள் அத்தை, எல்லோருக்கும் கேட்கும்படி. "எத்தையும் வெறும் ஏனத்தோட போயிக் கேக்கக் கூடாது. மிசினா இருந்தா இன்னா, அதுக்கும் மொதல்ல ஒரு வாய் குடுத்துட்டுத்தான் கேக்கணும். நான் சொன்னா நீ எங்க கேட்ட?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற நைனா அன்றைக்குத் தலையை ஆட்டிக்கொண்டார். "ஆமாக்கா, கேக்காம பூட்டேன்" என்றார்.

ஊர் சிரித்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சின்ன வயசிலேயே தாய் தகப்பன் இல்லாமல் போன நைனாவை, மிஷன் ஆஸ்டலில் சமையலுக்குப் போய்ப் படிக்க வைத்தவள் அத்தைதான் என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். இவ்வளவு படித்த நைனா எழுத்து தெரியாத அத்தையிடம் ஊருக்கு முன்னால் தோற்றுப்போனார் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்படித் தோற்பதற்காகத்தான் அவர் அந்தச் செம்பை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அத்தனை தூரம் தூக்கிக்கொண்டு வந்தார் என்பது தெரிகிற வயசா அது?